பொழிக்கரையில் ஒரு கூடாரம்

அத்தியாயம் பதினொன்று

“சார், மாட்டுக்கொட்டில்லே இயேசப்பா பிறந்தப்பம் மரியாளுக்குத் துணைக்கு யாரு இருந்தா?”

ஓய்வுநாள் பள்ளியில் லீலாபாய் என்ற சின்னஞ்சிறு பெண் ஒருமுறை விஜயதாஸிடம் கேட்ட கேள்வி இது.

“யோசேப்பு இருந்தாரே மக்கா.”

“அவரு ஆம்பிளை இல்லியா சார்? அவருக்கு என்ன தெரியும்?”

பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். விஜயதாஸும் சிரித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டான். அந்தச் சிரிப்பை நினைத்து, இந்த ஓண விடுமுறையில், பொழியூர்க் கடற்கரையில் ஒரு குடிசை வாசலில் நின்று வெட்கப்படப் போகிறோம் என்று அவனுக்கு அன்று தெரியாது.

பாறசாலைக்குத் தெற்கே ஒரு மிஷன் பள்ளியில் அவன் தமிழ் வாத்தியார். சாரணர் படையும் அவன் பொறுப்புத்தான். தமிழ் பேசும் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று பனச்சமூட்டில் நடந்த கூட்டத்தில் மேசைமேல் ஏறி அவன் பேசியதும், அதன் பிறகு ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட வாரமும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவனுடைய மனைவி ஆனந்தபாய்க்கு இப்போது ஏழாம் மாதம். வருகிற திங்கட்கிழமை அவளுடைய அம்மா பலகாரப் பெட்டியோடு வந்து, தலைப்பிரசவத்துக்கு மகளைப் பனச்சமூட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்து ஆனந்தபாய்க்கு ஓர் ஆசை உண்டு.

“பையன்மாரைக் கூட்டிட்டுப் போய் கூடாரம் அடிப்பீங்களாம், கஞ்சி காய்ச்சிக் குடிப்பீங்களாம், நட்சத்திரம் காட்டிக் குடுப்பீங்களாம். எனக்கு மட்டும் அடுக்களை. நான் என்ன பாவம் செய்தேன்?” என்று கேட்பாள்.

“நீ சாரணர் படையிலே சேரு, பாப்போம்,” என்று ஒவ்வொரு முறையும் சிரித்து மழுப்புவான்.

வியாழக்கிழமை மாலை அவனே வந்து சொன்னான். “வா ஆனந்தம். அம்மை வந்து உன்னைக் கொண்டு போறதுக்கு முன்னே கடலைப் பார்த்துட்டு வருவோம். கூடாரத்தை எடுத்துட்டேன்.”

அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் ஏன் இத்தனை திடீரென்று என்று கேட்கத் தோன்றவில்லை.

*

சனிக்கிழமை காலை. மழை விட்டு வெயில் முகம் காட்டியிருந்தது. நெய்யாறு கடலில் கலக்கும் பொழிமுகத்துக்குச் சற்றுத் தள்ளி, தென்னைகளின் ஓரத்தில் அந்தக் காக்கிக் கூடாரம் காற்றில் படபடத்தது. பக்கத்து ஓலைக் குடிசையிலிருந்து திரேசம்மாள் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கடல்தொழிலுக்குப் போகிறவரின் மனைவி. நாலு பிள்ளை பெற்றவள்.

“எந்தா சாரே, வீட்டிலே ஒழுக்கா? கூரை சோருதா?”

“இல்லை அக்கா. சும்மா காற்று வாங்க வந்தோம்.”

“காற்று வாங்க வந்தவங்களுக்கு ஏழு மாசம் வயிறோ? எங்க கரையிலே பாருங்க, காற்றுக்குப் பயந்தாக்கும் நாங்க வீட்டுக்குள்ளே ஒளியுறது. நீங்க அதைத் தேடி வந்திருக்கீங்க!”

ஆனந்தபாய் வாய்விட்டுச் சிரித்தாள். ‘ஒளியுறது’ என்ற சொல் வந்தபோது விஜயதாஸ் குனிந்து கூடாரத்தின் முளைக்குச்சியை இறுக்கத் தொடங்கினான்.

முந்தின நாள் அவன் அவளுக்கு நட்சத்திரங்களைக் காட்டியிருந்தான். மணலில் கல்கூட்டிக் கஞ்சி காய்ச்சி, சுட்ட மீனோடு கொடுத்தான். “பிள்ளை உள்ளே கிடந்து கூத்தாடுது. கஞ்சி பிடிச்சுப் போச்சு போல,” என்று அவன் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அவன் கை சற்று நேரம் அங்கே இருந்தது. பிறகு அதைத் தானாகவே எடுத்துக்கொண்டான்.

வெயில் ஏறும்போது தென்னந்தோப்பு வழியாக ஒரு சைக்கிள் வந்தது. பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லாத அந்தச் சைக்கிளைத் தூரத்திலேயே ஆனந்தபாய் அடையாளம் கண்டுகொண்டாள்.

“எலே, கனகு! நீ எப்படியாக்கும் இஞ்ச வந்தே?”

அவளுடைய தம்பி கனகதாஸ் முதுகு முழுக்கச் சேறோடு இறங்கினான். அக்காவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். “சும்மாதான் அக்கா. பாட்டுப் பாடிட்டு அப்படியே வந்தேன். அத்தான், ஒரு நிமிஷம் இஞ்ச வாருங்க.”

இரண்டு பேரும் கூடாரத்தின் பின்பக்கம் போனார்கள். கூடாரத் துணிக்குக் காது இல்லை. ஆனால் அது சுவரும் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த ஆனந்தபாய்க்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“நேற்று காலையிலே போலீஸ் வீட்டுக்கு வந்துட்டு அத்தான். கதவை உடைச்சாச்சு. உங்களைத்தான் தேடுறது. நீங்க முந்தின நாளே மாறிட்டது நல்லதாப் போச்சு.”

“யாரும் இந்த இடத்தைச் சொல்லல்லியே?”

“எனக்கு மட்டும்தானே தெரியும். ஆனா அம்மை ஒரு காரியம் செய்துட்டா. ஊர் கலவரமா இருக்குண்ணு பயந்து, திங்கட்கிழமை வரை காக்காம நேற்றே முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்குமா வந்துட்டா. உடைஞ்ச கதவைப் பார்த்துட்டு வாசல்லேயே உட்கார்ந்து ஒரே அழுகை. நீங்க வள்ளத்திலே குளச்சலுக்குப் போயிடுங்க. அக்காவை நான் கொண்டு போறேன்.”

கனகதாஸ் கூடாரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அக்காவுக்கு விஷயம் தெரியுமா அத்தான்?”

“இல்லை.”

கூடாரத்தின் வாசல்துணி விலகியது. ஆனந்தபாய் குனிந்து வெளியே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் விஜயதாஸ் தாங்கியிருப்பான்.

“காற்று வாங்கத்தான் கூட்டிட்டு வந்ததா நினைச்சேன்,” என்றாள்.

“ஆனந்தம், இந்த நேரத்திலே உன்னைப் பயப்படுத்தப்பிடாதுண்ணு...”

“நான் ஒரு வருஷமா கேட்ட ஆசை. அதை எடுத்து நீங்க ஒளியுறதுக்கு வெச்சுக்கிட்டீங்க. இல்லியா?”

அவள் கேட்டதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பெரிய காரியத்துக்காகப் பேசுகிற மனிதர்களும் வீட்டில் ஒரு சிறிய உண்மையைச் சொல்லத் தயங்குகிறார்கள். மேசைமேல் ஏறிப் பேசிய விஜயதாஸுக்கு, அடுக்களை வாசலில் நின்று, “எனக்குப் பயமா இருக்கு, என் கூட வா” என்று சொல்ல வாய் வரவில்லை.

“கனகு, சைக்கிளை எடு. நான் அம்மைகிட்டே போறேன்,” என்று ஆனந்தபாய் மணலில் நடக்கத் தொடங்கினாள். தென்னைவரை போனாள். அங்கே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“அக்கா?”

அவள் திரும்பவில்லை. “திரேசம்மாளை விளி,” என்றாள்.

*

பஸ் ஓடவில்லை. எல்லையில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் சரோஜத்தை எப்படியாவது கொண்டு வருகிறேன் என்று கனகதாஸ் சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்தான். கட்டுமரங்கள் கடலில் இருந்தன. கரையில் ஆண்கள் இல்லை. சுமந்து போகலாம் என்றாலும் திரேசம்மாள் விடவில்லை.

“வழியிலே ஆகும் சாரே. எனக்க குடிசைக்குள்ளே கொண்டு வா. கூடாரத்துக்குள்ளே மண் பறக்குது.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நான் பிள்ளை எடுக்கும் வயற்றாட்டி இல்லை, கேட்டியா? பெற்ற பழக்கம்தான் உண்டு. தம்புரான் காக்கணும்.”

சாரணர் பிள்ளைகளுக்கு ஒரே தீக்குச்சியில் தீ மூட்டக் கற்றுக்கொடுத்தவன் விஜயதாஸ். அன்று குடிசையின் பின்னால் வெந்நீர் வைக்கக் குந்தியபோது குச்சி குச்சியாக அணைந்தது. திரேசம்மாள் உள்ளிருந்து வந்து, பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உள்ளே போனாள்.

“வெள்ளம்!” என்று உள்ளிருந்து குரல் வரும். அவன் குடத்திலிருந்து சாய்த்துக் காய்ச்சிக் கொடுப்பான். மறுபடியும், “வெள்ளம்!” மறுபடியும் சாய்ப்பான். அந்தக் கரையில் கிணற்றுத்தண்ணீர் எத்தனை தூரத்திலிருந்து வருகிறது என்று அப்போது அவன் நினைக்கவில்லை.

ஆனந்தபாய் கத்தவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒருமுறை, “அம்மைய்யோ” என்று மட்டும் கேட்டது. அவன் பேரைச் சொல்லி அவள் அழைக்கவில்லை.

அவருக்கு என்ன தெரியும் என்று லீலாபாய் கேட்டது சரிதான். யோசேப்பும் இப்படித்தான் வெளியே நின்றிருப்பாரோ? விஜயதாஸ் ஓலைத்தட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

உச்சிக்குப் பிறகு பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

“பெண்ணாக்கும்,” என்றாள் திரேசம்மாள். அந்தக் குரலில் மகிழ்ச்சி இல்லை.

அவன் உள்ளே போனான். திரேசம்மாளின் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதாக, சிவந்து, தோலுக்குள் நரம்பு தெரிய ஒரு பெண்குழந்தை. மூச்சு இழுத்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடியும் இழுத்தது.

திரேசம்மாள் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தாள். கடைசிக் குடத்தைத் தலைகீழாகச் சாய்த்தாள். அடியில் கிடந்த கொஞ்சம் தண்ணீர் சிரட்டையில் விழுந்தது.

“பேரு செல்லு சாரே.”

“எதுக்கு அக்கா?”

“எங்க கோயில் அச்சன் படிப்பிச்சுத் தந்திருக்கு. பிறந்த பிள்ளைக்கு உயிரு நிக்காதுண்ணு கண்டா, யாரு பக்கத்திலே இருக்காங்களோ அவங்க தலையிலே வெள்ளம் ஒழிச்சு, பேரு விளிச்சு, பிதா சுதன் பரிசுத்த ஆவிக்கு ஒப்படைக்கணும். சீக்கிரம் செல்லு.”

விஜயதாஸ் தயங்கினான். மூன்று தலைமுறையாக மிஷன் சபையில் வளர்ந்த குடும்பம். அவர்கள் சபையில் ஞானஸ்நானம் போதகர் கொடுக்க வேண்டும். சபையார் கூடியிருக்க வேண்டும். இந்தக் கரையில் உள்ளவர்களோ சொரூபம் வைத்து வணங்கும் கத்தோலிக்கர். இவள் கையில் சிரட்டை. நாளைக்குச் சபை மூப்பர்கள் என்ன சொல்வார்கள் என்று அந்த நேரத்திலும் ஒரு மனிதனுக்குத் தோன்றுமா? தோன்றியது. குழந்தையின் மூச்சு மறுபடியும் நின்று யோசித்தது.

“அவங்க சபை வேற, ஆனந்தம்... போதகர் வராம...”

பாயில் கிடந்த ஆனந்தபாய் கண்ணைத் திறந்தாள்.

“எல்லை பாத்துப் பாத்துத்தானே இஞ்ச வந்து கிடக்கோம்,” என்றாள். “அக்கா, நீங்க ஊத்துங்க. ஜெபகுமாரிண்ணு விளியுங்க.”

திரேசம்மாள் விளித்தாள். தமிழும் மலையாளமுமாக அவள் சொன்ன சொற்கள் சரியான வரிசையில் இருந்தனவா என்று நமக்குத் தெரியாது. நெற்றியில் தண்ணீர் விழுந்தபோது குழந்தை முகத்தைச் சுளித்தது. நிறைமாதக் குழந்தைகள் சுளிப்பதுபோலவே சுளித்தது. ஆனந்தபாய் அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே அவள் முகம் உடைந்தது.

வெயில் சாய்வதற்குள் ஜெபகுமாரி போய்விட்டாள். தாயின் நெஞ்சின்மேல் கிடந்தபடி போனாள். கடைசி மூச்சு எது என்று மூன்று பேரில் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள், அது வரவில்லை.

*

கல்யாணத்துக்கு எடுத்த பாலராமபுரத்து நேரியல் துணியை ஆனந்தபாய் கூடாரத்தில் விரித்துப் படுக்கக் கொண்டு வந்திருந்தாள். அதில்தான் குழந்தையைப் பொதிந்தார்கள். பக்கத்துக் குடிசைப் பெண் ஒருத்தியை ஆனந்தபாயிடம் இருத்திவிட்டுத் திரேசம்மாள் முன்னே நடந்தாள்.

கடற்கரைக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் கப்யார் நேசையன், கோயில் வேலைகளைப் பார்க்கும் வயதானவர், வழியை மறித்தார். அச்சன் ஊரில் இல்லை.

“யாருக்க பிள்ளை? நம்ம கோயில் இடவகையா?”

“இந்தச் சாருக்க பிள்ளை.”

“மிஷன்காரரா? திரேசே, அச்சன் இல்லாத நேரத்திலே நான் எப்படி...”

“ஞானஸ்நானம் ஆயாச்சு.”

“யாரு குடுத்தது?”

“நான்.”

நேசையன் அந்த வெள்ளைப் பொதியைப் பார்த்தார். விஜயதாஸைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“பின்ன என்ன கேள்வி? மண்வெட்டி அஞ்ச, மூலையிலே இருக்கு,” என்றார்.

மண்வெட்டி வேண்டியிருக்கவில்லை. மணல். விஜயதாஸ் முழந்தாளிட்டுக் கைகளாலேயே தோண்டினான். எத்தனையோ வீடுகளில், எத்தனையோ சாவுக்குப் போய், உரத்த குரலில் வசனம் வாசித்தவன் அவன். அன்று யோபுவின் வார்த்தைகளைத் தொடங்கினான். ‘கர்த்தர் கொடுத்தார்’ வரை வந்தது, ‘கர்த்தர் எடுத்தார்’ வரவில்லை. கிழவர்தான் மீதியைத் தம் மொழியில் சொல்லி முடித்தார்.

திரும்பி வரும் வழியில் சாலைப்பக்கமிருந்து வந்த மீன்காரி ஒருத்தி, “ஊரம்பு முக்கிலே போலீஸ் வண்டி நிக்குது. ஒரு சைக்கிள் ஓடையிலே கிடக்கு, ஆளைக் காணல்ல,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள்.

விஜயதாஸ் அவளைத் தடுத்தான். “எப்படி இருந்த சைக்கிள்?”

“சைக்கிள் மாதிரி இருந்தது சாரே. பின்னாலே மட்கார்டு மட்டும் இல்லை.”

*

ஆனந்தபாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். விஜயதாஸ் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். கனகதாஸைப் பற்றி அவன் இப்போது சொல்ல வேண்டும். மறைத்தால் வியாழக்கிழமை செய்த தப்பை இன்றும் செய்ததாகும். ஆனால் இவளால் இன்னும் எதைத் தாங்க முடியும்?

“ஆனந்தம், உன்கிட்டே ஒண்ணு சொல்லணும். கனகு இன்னும் வரல்ல. அவனுக்க சைக்கிள் ஊரம்பிலே கிடக்குதாம். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சதை உன்கிட்டே மறைக்கப்பிடாதுண்ணு சொல்லுதேன்.”

அவள் பாயின் ஓரத்து ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“வியாழக்கிழமை இப்படிச் சொல்லியிருந்தா,” என்றாள் கடைசியில், “நானும்தான் வந்திருப்பேன். ஒளியணும்ணா சேர்ந்து ஒளிவோம்ணு சொல்லியிருப்பேன். கூடாரத்தை நானே சுருட்டித் தந்திருப்பேன்.”

“பொறுத்துக்கோ.”

“நட்சத்திரம் காட்டினீங்களே. நான் என்னமா சந்தோஷப்பட்டேன். அதுதான் சகிக்கல்ல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் சற்றுக் கழித்து, “வெயிலிலே நின்னு உங்க கண்ணு சிவந்து கிடக்கும். முகம் கழுவுங்க,” என்றாள். சொன்னபடியே களைப்பில் தூங்கிப்போனாள்.

முகம் கழுவ எழுந்தவன் குடங்களைப் பார்த்தான். எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

கோயில் மணி அடித்தது. கரையிலுள்ள எல்லாரும் மாலை ஜெபமாலைக்குப் புறப்பட்டார்கள். திரேசம்மாள் பிள்ளைகளின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். கழுவத் தண்ணீர் இல்லை. கடைசிப் பையன் தாகம் என்று சிணுங்கினான்.

“கோயிலுக்குப் போயிட்டு வந்து நான் கிணற்றுக்குப் போறேன் மக்களே. இப்பம் வா. இந்த அக்காவுக்கு வேண்டி நீயும் ஒரு மந்திரம் சொல்லு.” விஜயதாஸ் அதைக் கேட்டான் என்பது அவளுக்குத் தெரியாது. அவனைத் திரும்பிப் பார்க்காமலேயே பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போனாள். காலை முதல் அவள் ஒரு வாய் சாப்பிட்டதாக அவனுக்கு நினைவில்லை.

குடிசைகள் ஆளில்லாமல் நின்றன.

கிணறு தென்னந்தோப்பைக் கடந்து சாலையோரத்தில் இருந்தது. வந்த நாளிலிருந்து அவன் கால் வைக்காத பக்கம். போலீஸ் ஜீப் போகும் சாலை. விஜயதாஸ் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு, துண்டால் முகத்தை மூடாமல், அந்தப் பக்கம் நடந்தான்.

கிணற்றடியிலும் யாரும் இல்லை. இறைத்து நிறைத்தான். தோளில் தூக்கி வைத்தான், மண்குடம் நழுவியது. தலையில் வைக்கப் பழக்கமில்லை. பிறகு, பெண்கள் எடுப்பதுபோல, இடுப்பில் வைத்து இடது கையைச் சுற்றிச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மணலில் அந்தப் பாரத்தோடு எப்படி நடப்பது என்று முதலில் தெரியவில்லை. கொஞ்சம் சாய்ந்து நடந்தால் தளும்பாது என்று பாதி வழியில் தெரிந்தது.

கொண்டு வந்து வைத்தான். அடுத்த குடத்தை எடுத்தான். கோயிலிலிருந்து ஒரு குரல் சொல்ல, பல குரல்கள் சேர்ந்து பதில் சொல்வது காற்றில் வந்துகொண்டிருந்தது. அது முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நடையை எட்டிப் போட்டான்.

எல்லாக் குடமும் நிறைந்தன. ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்தில் வைத்து, சிரட்டையால் மூடினான். கீழே சிந்தியிருந்த ஈரத்தின்மேல் உலர்ந்த மணலை அள்ளித் தூவினான். பிறகு கூடாரத்துக்குப் போய், அதன் முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான்.